கான்டோ வாங்கியிருக்கிறீர்களா? உங்கள் பாலிசியை இப்படிச் சரிபாருங்கள்

அமெரிக்காவில் கான்டோ, அதாவது அடுக்குமாடியில் சொந்த வீடு, வாங்கும்போது வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கி கடைசி வாரத்தில்தான் எச்ஓ-6 பாலிசி (கான்டோ உரிமையாளருக்கான வீட்டு இன்சூரன்ஸ்) எங்கே என்று கேட்கும். அந்த அவசரத்தில் பலரும் கார் இன்சூரன்ஸ் இருக்கிற அதே கம்பெனியின் தளத்துக்குப் போய், நாலு கேள்விக்குப் பதில் போட்டு, பிரீமியம் எது குறைவோ அதை வாங்கி வங்கிக்கு அனுப்பிவிட்டு அதோடு மறந்துவிடுகிறார்கள். வங்கி கேட்டது அவ்வளவுதான், அதற்கு அது போதும். ஆனால் ஒருநாள் தண்ணீர்க் குழாய் வெடித்து உங்கள் தரையும் கீழ்வீட்டுக் கூரையும் நாசமாகும்போது எந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதை அந்தக் காகிதத்தில் இருக்கிற இரண்டு மூன்று எண்கள்தான் முடிவு செய்யும். அந்த எண்களை நீங்களே உட்கார்ந்து போட வேண்டும், தளத்தில் தானாக வந்து நிற்கிற எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

தனி வீடு என்றால் கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை எல்லாம் ஒரே பாலிசியில் அடங்கிவிடும். கான்டோவில் இரண்டு பாலிசி உண்டு. கட்டிடத்துக்கும் பொது இடங்களுக்கும் சேர்த்து, வீட்டுக்காரர்கள் எல்லோரும் அடங்கிய அசோசியேஷன் எடுத்து வைத்திருக்கும் மாஸ்டர் பாலிசி ஒன்று, நீங்கள் எடுக்கும் எச்ஓ-6 இன்னொன்று. மாஸ்டர் பாலிசி எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் உங்களுடையது தொடங்க வேண்டும். அதனால் ஏஜென்டுக்கு போன் போடுவதற்கு முன்னால் அசோசியேஷனுக்கு மெயில் போடுங்கள். இந்த வரிசை முக்கியம். மாஸ்டர் பாலிசியைப் பார்க்காமல் எந்த ஏஜென்டாலும் சரியான எண்ணைச் சொல்ல முடியாது, அதைக் கேட்காமலேயே எண் சொல்கிற ஏஜென்டிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

முதலில் வாங்க வேண்டிய காகிதங்கள்

அசோசியேஷனின் டிக்ளரேஷன் (எது யார் பொறுப்பு என்று சொல்லும் அடிப்படை ஆவணம்), அதில் பிற்பாடு செய்த திருத்தங்கள், மாஸ்டர் பாலிசியின் சுருக்கப் பக்கம், இவ்வளவும் வேண்டும். டிக்ளரேஷனில் "இன்சூரன்ஸ்" என்று ஒரு பகுதியும் "பராமரிப்பு, பழுதுபார்ப்பு" என்று ஒரு பகுதியும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் படியுங்கள், ஏனென்றால் பழுது பார்க்கும் பொறுப்பு ஒருவருக்கும் இன்சூரன்ஸ் எடுக்கும் பொறுப்பு இன்னொருவருக்கும் இருப்பது சகஜம். அப்புறம் மேனேஜரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். என் வீட்டுக்குள் எது வரைக்கும் மாஸ்டர் பாலிசி கவர் செய்கிறது? அதன் டிடக்டிபிள், அதாவது கம்பெனி பணம் கொடுக்கும்போது கழித்துக்கொள்ளும் தொகை, எவ்வளவு, தண்ணீர்ச் சேதத்துக்கும் புயலுக்கும் தனித்தனி டிடக்டிபிள் உண்டா, அது ஒரு சம்பவத்துக்கா ஒவ்வொரு வீட்டுக்குமா? சேதம் என் வீட்டிலிருந்து தொடங்கினால் அந்த டிடக்டிபிளை என்னிடம் வசூலிப்பீர்களா? வாய்வார்த்தையாகப் பதில் வந்தால் "நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா" என்று திரும்ப மெயிலில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒரு பதில் வரும். "பேர் வால்ஸ்" என்றால் கட்டிடத்தின் எலும்புக்கூடு மட்டும்தான் அவர்கள் பாடு. சுவரின் உள்பக்கப் பூச்சிலிருந்து கிச்சன் அலமாரி, டாய்லெட், தரை, விளக்கு வரை உங்கள் பொறுப்பு. "சிங்கிள் என்டிட்டி" என்றால் கட்டியவர் முதலில் கொடுத்த தரத்தில் உள்ளே இருந்ததெல்லாம் மாஸ்டர் பாலிசியில் வரும். அதற்குப் பிறகு நீங்களோ உங்களுக்கு முன் இருந்தவரோ செய்த மேம்பாடு வராது: சாதாரண கார்ப்பெட்டை எடுத்துவிட்டு மரத்தரை போட்டிருந்தால் அந்த வித்தியாசம் உங்களுடையது. "ஆல்-இன்" என்றால் மேம்பாடுகளும் சேர்த்து அவர்களே.

ஆனால் இந்தப் பெயர்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். டிக்ளரேஷனின் வாசகமும் மாநிலச் சட்டமும்தான் பேசும். ஃபுளோரிடாவில் சட்டமே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறது: தரை, சுவர், கூரை இவற்றின் மேல்பூச்சுகள், விளக்குப் பொருத்துகள், வீட்டுச் சாதனங்கள், வாட்டர் ஹீட்டர், வாட்டர் ஃபில்டர், பொருத்திய அலமாரிகளும் கவுன்டர்டாப்பும், ஜன்னல் திரைகள் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. ஜிப்சம் சுவர் அசோசியேஷன் பக்கம், அதன் மேல் அடித்த பெயின்ட் உங்கள் பக்கம். வேறு மாநிலத்தில் இதே சுவருக்குக் கோடு வேறு இடத்தில் விழும்.

ஒரு குழாய் வெடித்தால் கணக்கு எப்படிப் போகும்

இதை ஒரு உதாரணத்தோடு பார்த்தால்தான் புரியும். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. நீங்கள் மூன்றாம் மாடி. நீங்கள் வெளியே போயிருக்கும்போது டிஷ்வாஷருக்குத் தண்ணீர் வரும் சிறு குழாய் பிய்த்துக்கொள்கிறது. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் மரத்தரை ஓரங்களில் மேலே எழும்பி வளைந்திருக்கிறது, கிச்சன் அலமாரிகளின் அடிப்பலகை ஊறி உப்பிவிட்டது. கீழ்வீட்டில் ஹால் கூரை தொங்குகிறது. உங்கள் தரையும் அலமாரியும் சேர்த்து 23,000 டாலர், கீழ்வீட்டுக் கூரையும் தரையும் 12,000, ஆகமொத்தம் 35,000 டாலர். மாஸ்டர் பாலிசியின் டிடக்டிபிள் 25,000 டாலர்.

உங்களுடையது ஆல்-இன் கட்டிடம் என்றால் 35,000-மும் மாஸ்டர் பாலிசிக்குள் வருகிறது, சந்தோஷம். ஆனால் அந்தக் கம்பெனி 25,000-ஐக் கழித்துக்கொண்டு 10,000 மட்டும் கொடுக்கும். மீதி 25,000 யாருடையது? தண்ணீர் எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுக்காரரிடம் வசூலிக்கலாம் என்று உங்கள் டிக்ளரேஷனில் இருந்தால் பில் உங்கள் பெயருக்கு வரும். இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். "எங்களுடையது ஆல்-இன், அதனால் உள்பக்கத்துக்குக் கொஞ்சமாகப் போட்டால் போதும்" என்று 5,000 டாலர் வைத்திருப்பார்கள். பரவலாகப் புழங்கும் எச்ஓ-6 படிவத்தில் "கவரேஜ் ஏ" எனப்படும் உள்கட்டுமானப் பகுதிக்கு அடிப்படைத் தொகையே 5,000 டாலர்தான், நீங்களாகக் கேட்டால்தான் கூடும். 25,000-க்குப் பில் வந்தால் 20,000 கைக்காசு.

பேர் வால்ஸ் கட்டிடம் என்றால் கதையே வேறு. உங்கள் 23,000 முழுக்க உங்கள் கவரேஜ் ஏ-யில் வர வேண்டும். கீழ்வீட்டுக்காரருக்கு அவருடைய எச்ஓ-6 கொடுக்கும், கொடுத்துவிட்டு உங்கள் கவனக்குறைவால்தான் நடந்தது என்று அந்தக் கம்பெனி நினைத்தால் உங்களிடம் கேட்டு வரலாம். அப்போது உங்கள் பாலிசியின் லையபிலிட்டி பகுதி (உங்களால் பிறருக்கு ஏற்பட்ட சேதத்துக்கானது) பேசும். கவனக்குறைவு இல்லை என்றால் கொடுக்க வேண்டியதில்லை என்று உங்கள் கம்பெனியே உங்களுக்காக வாதாடும், அந்த வக்கீல் செலவும் அதில் அடக்கம். இன்னொன்று, சேதத்துக்குப் பணம் வருமே தவிர, பிய்ந்துபோன அந்தக் குழாய்க்கும் டிஷ்வாஷருக்கும் பொதுவாக வராது.

இந்த உதாரணத்தில் ஏஜென்டிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: "அசோசியேஷன் தன் டிடக்டிபிளை என் ஒருவனிடம் வசூலித்தால், என் பாலிசியில் எந்தப் பகுதி அதைக் கொடுக்கும், எவ்வளவு வரை?" சில கம்பெனிகள் கவரேஜ் ஏ-யிலிருந்து கொடுக்கின்றன. சில அதை "லாஸ் அசெஸ்மென்ட்" (அசோசியேஷன் தன் நஷ்டத்தை வீட்டுக்காரர்களிடம் பங்கு போட்டு வசூலிப்பதற்கான) பகுதிக்குத் தள்ளுகின்றன, அங்கே பல பாலிசிகளில் ஒரு சின்ன உச்சவரம்பு உட்கார்ந்திருக்கிறது. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சரி, கவரேஜ் ஏ எவ்வளவு வைப்பது? வீட்டை வாங்கிய விலையை மறந்துவிடுங்கள், அதில் இடத்தின் மதிப்பும் கட்டிடத்தின் பங்கும் கலந்திருக்கிறது. உள்ளே முழுக்க எரிந்துபோனால் திரும்பச் செய்ய என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. டேப்பை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். தரை எத்தனை சதுர அடி, அலமாரி எத்தனை அடி நீளம், பாத்ரூம் எத்தனை, கதவு எத்தனை. உங்கள் ஊரில் வேலை செய்கிற ஒரு கான்ட்ராக்டரிடம் சதுர அடிக்கு இன்றைக்கு என்ன வாங்குகிறார் என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். பழசைப் பிடுங்கிக் குப்பையில் போடும் கூலியையும் சேருங்கள். உங்களுடையது ஆல்-இன் கட்டிடமாக இருந்தாலும் இந்தத் தொகை குறைந்தபட்சம் மாஸ்டர் டிடக்டிபிளுக்குச் சமமாக இருக்கட்டும். உங்கள் பாலிசி, அதில் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட ஆபத்துகளுக்கு மட்டும் கொடுக்கும் வகையா, விலக்கியவை தவிர எல்லாவற்றுக்கும் கொடுக்கும் வகையா என்றும் பாருங்கள். அடிப்படை எச்ஓ-6 முதல் வகை. கொஞ்சம் கூடுதல் பிரீமியத்துக்குக் கவரேஜ் ஏ-யை இரண்டாவது வகைக்கு மாற்றித் தருவார்கள். மாற்றிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

எல்லோர் தலையிலும் பங்கு போட்டால்

உங்கள் வீட்டில் ஒன்றுமே நடக்காமலும் பில் வரலாம். நாற்பது வீடுள்ள கட்டிடம், 2 கோடி டாலருக்கு இன்சூர் செய்திருக்கிறார்கள், புயலுக்கு 5 சதவீத டிடக்டிபிள் என்று வையுங்கள். கடலோர மாநிலங்களில் புயல் டிடக்டிபிள் இப்படிச் சதவீதத்தில் இருப்பது சாதாரணம். பார்ப்பதற்கு 5 சதவீதம் சின்னதாகத் தெரிகிறது, ஆனால் கூரை பிய்ந்து போன அன்றைக்கு அது 10 லட்சம் டாலர், சமமாகப் பங்கு போட்டால் வீட்டுக்கு 25,000. இதற்காகத்தான் லாஸ் அசெஸ்மென்ட் கவரேஜ் இருக்கிறது. அடிப்படைப் படிவத்தில் அது 1,000 டாலர். ஃபுளோரிடாவில் சட்டப்படி குறைந்தது 2,000. மேலே கேட்டால் 25,000, 50,000 என்று உயர்த்தித் தருகிற கம்பெனிகள் உண்டு, அதற்கு ஆகும் கூடுதல் பிரீமியம் பெரும்பாலும் அதிகமில்லை.

உயர்த்திவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பலரும் கையெழுத்துப் போடும் அந்தக் கூடுதல் இணைப்பிலேயே, அசோசியேஷனின் டிடக்டிபிளுக்காகப் போடும் அசெஸ்மென்ட் என்றால் 1,000 டாலருக்கு மேல் கிடையாது என்று ஒரு வரி வருகிறது. அதாவது 50,000 டாலர் கவரேஜ் வாங்கியிருந்தும், மேலே சொன்ன புயல் கணக்கில் கைக்கு வருவது ஆயிரம்தான். எல்லாக் கம்பெனியும் இப்படி இல்லை, சில முழுத் தொகைக்கும் கொடுக்கின்றன. ஆகவே விலையை ஒப்பிடுவதற்கு முன் இந்த வரியை ஒப்பிடுங்கள். அசெஸ்மென்ட் போட்ட தேதி கணக்கா, சேதம் நடந்த தேதி கணக்கா என்பதையும் கேளுங்கள், புயல் அடித்து ஒரு வருஷம் கழித்து பில் வரும்போது அது பெரிய வித்தியாசம்.

லாஸ் அசெஸ்மென்ட் எதற்குக் கிடையாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தீ, புயல் மாதிரி பாலிசி ஏற்கும் ஒரு காரணத்தால் வந்த நஷ்டத்தின் பங்குக்கு மட்டும்தான் அது. கட்டிடம் வயதாகிப் பழுதாவதற்கு, சேமிப்பு நிதி போதாததற்கு அசோசியேஷன் போடும் சிறப்பு வசூலுக்கு எந்த எச்ஓ-6 பாலிசியும் கைகொடுக்காது. 2021 ஜூன் 24 அன்று ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் கட்டிடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பழுதுபார்ப்புக்காக சுமார் 15 மில்லியன் டாலர் வசூலிக்க அந்த அசோசியேஷன் ஒப்புதல் கொடுத்திருந்தது. அப்படிப்பட்ட வசூலை இன்சூரன்ஸ் தராது. கான்டோ வாங்குவதற்கு முன்னால் சேமிப்பு நிதியின் நிலையையும் கடந்த இரண்டு வருஷக் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிப் படிப்பது இதற்காகத்தான்.

உள்ளே இருக்கும் பொருள்கள்

சோஃபா, துணிமணி, டிவி, பாத்திரம் எல்லாம் "கவரேஜ் சி". இதில் பார்க்க வேண்டியது ஒரே விஷயம்: தேய்மானம் கழித்துக் கொடுப்பார்களா, புதிது வாங்கும் விலைக்குக் கொடுப்பார்களா? அடிப்படைப் பாலிசி தேய்மானம் கழிக்கும், எட்டு வருஷ சோஃபாவுக்கு ஒன்றும் தேறாது. "ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்" இணைப்பைச் சேருங்கள்.

நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது தங்கம். பரவலான படிவத்தில் நகை திருட்டுப் போனால் எவ்வளவு நகையாக இருந்தாலும் மொத்தமே 1,500 டாலர்தான் உச்சம். தங்க நாணயம், கட்டித் தங்கம் எல்லாம் ரொக்கத்தோடு சேர்த்து 200 டாலர். கவரேஜ் சி-யில் ஒரு லட்சம் டாலர் வைத்திருந்தாலும் இதுதான் நிலைமை. ஒரு செயின் விலைகூட வராது. நகைகளை மதிப்பீடு செய்து, ரசீதும் படமும் வைத்து, தனித்தனியாகப் பட்டியல் போட்டு "ஷெட்யூல்" செய்தால்தான் முழு மதிப்புக்கும் கவரேஜ். பேங்க் லாக்கரில் இருக்கும் நகைக்கு ஷெட்யூல் கட்டணம் குறையுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

வீடு குடியிருக்க முடியாமல் போனால் வெளியே தங்கும் கூடுதல் செலவுக்கு "கவரேஜ் டி" இருக்கிறது, வழக்கமாகக் கவரேஜ் சி-யில் பாதி. கான்டோவில் ரிப்பேர் இழுத்துக்கொண்டே போகும், ஏனென்றால் உங்கள் கான்ட்ராக்டர் மட்டும் போதாது, அசோசியேஷனும் அவர்கள் கம்பெனியும் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மாத வாடகையைக் கணக்குப் போட்டு அந்தத் தொகை தாங்குமா பாருங்கள். லையபிலிட்டி அடிப்படையில் 1,00,000 டாலர் இருக்கும், 3,00,000-க்கு உயர்த்துங்கள், வித்தியாசம் சொற்பம்.

சேராதவை

வெள்ளம் எச்ஓ-6-இல் வராது. அரசின் தேசிய வெள்ள இன்சூரன்ஸ் திட்டத்தில் கான்டோ உரிமையாளர் தனியாகக் கட்டிடத்துக்கு 2,50,000, பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரை எடுக்கலாம். பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், அதனால் புயல் செய்தி வந்தபின் ஓடுவதில் பயனில்லை. அந்தத் திட்டம் வெளியே தங்கும் செலவைத் தராது. அசோசியேஷனும் அதே திட்டத்தில் கட்டிடத்துக்கு எடுத்திருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு வீட்டுக்கு 2,50,000-ஐத் தாண்டாது, எனவே முதலில் அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நிலநடுக்கமும் தனி. கலிஃபோர்னியாவில் கலிஃபோர்னியா எர்த்குவேக் அதாரிட்டி கான்டோ உரிமையாளர்களுக்கென்றே பாலிசி வைத்திருக்கிறது, அதில் லாஸ் அசெஸ்மென்டையும் சேர்க்க முடியும்.

சாக்கடை பின்வாங்கி சிங்க் வழியாகவோ குளியலறை வழியாகவோ மேலே வருவது அடிப்படைப் பாலிசியில் கிடையாது, "வாட்டர் பேக்கப்" இணைப்பு வேண்டும். அடுக்குமாடியில் எல்லோருக்கும் பொதுவான கழிவுக்குழாய் என்பதால், கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் இதை விட்டுவிடவே கூடாது. வாரக்கணக்கில் மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்த கசிவும் வராது, பூஞ்சைக்குத் தனி வரம்பு உண்டு. சிங்க்குக்கு அடியில் அவ்வப்போது கை விட்டுத் தடவிப் பாருங்கள்.

வீட்டை வாடகைக்கு விடப்போகிறீர்கள் என்றால் அன்றைக்கே கம்பெனிக்குச் சொல்லுங்கள், நீங்கள் குடியிருக்கிறீர்கள் என்ற கணக்கில்தான் எச்ஓ-6 எழுதப்பட்டிருக்கிறது. குறுகிய கால வாடகை இன்னும் சிக்கல். காலியாகப் போட்டாலும் சிக்கல்: வழக்கமான படிவத்தில் 60 நாளுக்கு மேல் காலியாகக் கிடந்தால் விஷமிகள் செய்யும் சேதத்துக்குக் கொடுக்க மாட்டார்கள், குளிரில் குழாய் உறைந்து வெடித்தால் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்பார்கள்.

சேதம் நடந்துவிட்டால்

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். உங்கள் வீட்டு வால்வு எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே தேடிக் கண்டுபிடித்து வையுங்கள், சில கட்டிடங்களில் வீட்டுக்குள் இருக்காது, மேனேஜரிடம்தான் சாவி. துடைக்கும் முன்னால் வீடியோ எடுங்கள். பிறகு அசோசியேஷனுக்கும் உங்கள் கம்பெனிக்கும் அன்றைக்கே சொல்லுங்கள், ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிவிடுவார் என்று காத்திருக்காதீர்கள். ஈரத்தை உலர்த்த ஆளைக் கூப்பிடலாம், கூப்பிட வேண்டும், சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசி உங்கள் மேல் வைத்திருக்கும் கடமை. ஆனால் சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர் பார்க்கும் வரை பிய்ந்த குழாய், ஊறிய பலகை எதையும் தூக்கிப்போடாதீர்கள். கீழ்வீட்டுக்காரரிடம் அன்பாகப் பேசுங்கள், உதவி செய்யுங்கள், ஆனால் "எல்லாச் செலவையும் நான் ஏற்கிறேன்" என்று சொல்லவோ எழுதவோ செய்யாதீர்கள், அதைத் தீர்மானிப்பது கம்பெனிகளின் வேலை.

சின்னச் சேதம் என்றால் கிளெய்ம் போடுவதற்கு முன் யோசியுங்கள். நீங்கள் போட்ட கிளெய்ம்கள், இன்சூரன்ஸ் கம்பெனிகள் பகிர்ந்துகொள்ளும் "க்ளூ" என்கிற பதிவேட்டில் ஏழு வருஷம் வரை இருக்கும், அடுத்த கம்பெனி அதைப் பார்த்துத்தான் விலை சொல்லும். உங்கள் டிடக்டிபிள் 1,000, சேதம் 1,400 என்றால் 400 டாலருக்காக அந்தப் பதிவை வாங்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு வீட்டுக்கும் சேதம் என்றால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காமல் உடனே தெரிவித்துவிடுங்கள்.

மாஸ்டர் பாலிசி வருஷா வருஷம் புதுப்பிக்கப்படும். பிரீமியத்தைக் கட்டுப்படுத்த அசோசியேஷன் டிடக்டிபிளை 10,000-லிருந்து 50,000-க்கு ஏற்றியிருக்கலாம், அந்தத் தகவல் யாரும் திறக்காத ஒரு மெயிலின் இணைப்பில் கிடக்கும். அது எந்த மாதம் புதுப்பிக்கப்படுகிறது என்று கேட்டு, அந்த மாதத்துக்குப் போனில் ஒரு நினைவூட்டல் போட்டு, புதிய சுருக்கப் பக்கத்தை வாங்கி உங்கள் ஏஜென்டுக்கு அனுப்பி அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள். கிளெய்மை மறுத்துவிட்டால் எந்த வாசகத்தின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், வாசகத்தைக் காட்டாமல் இழுத்தடித்தால் உங்கள் மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.